மெஷின் எனக்கு, கணினி அவனுக்கு

என் மனைவியின் தம்பி மீது எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்துப் பயனில்லை, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஜெலுத்தோங்கில், என் வீட்டின் முன்பக்கத்தில், நானும் அவனும் பதினைந்து வருடம் சேர்ந்து ஒரு ஸ்டிக்கர் கடை நடத்தினோம். லாரிக் கதவில் கம்பெனிப் பெயர், கார் பின்கண்ணாடியில் வேல், மோட்டார் சைக்கிளில் 'முருகன் துணை', சாப்பாட்டுக் கடைகளுக்குப் பெயர்ப் பலகை. கடை என் பெயரில் இருந்தது. லைசென்சும் என் பெயரில்தான். ஆனால் நான் போனை எடுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் கேள்வி, "தம்பி இல்லையா?"

தம்பி இருப்பான். எப்போதும் இருப்பான். வேல் படத்தை அவன் கைபோன போக்கில் வரைவான், அப்படியே எடுத்துக் கோயிலில் சாத்தலாம். நான் அளவுகோல் வைத்து வரைந்தால் கரண்டி மாதிரி வரும். வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி மீன் கறி வைத்தால் தலையை அவனுக்கென்று தனியாக எடுத்து வைப்பாள். "அவன் சின்னதுல இருந்தே தலைதான் சாப்பிடுவான்" என்பாள். எனக்குத் தலை பிடிக்குமா என்று கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

போன தீபாவளி முடிந்த கையோடு, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில், ஒரு நண்பனுடன் சேர்ந்து கார்களுக்கு வண்ண ஸ்டிக்கர் உறை ஒட்டும் கடை திறக்கப் போவதாகச் சொன்னான். ஒழிந்தான் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. நான் போகச் சொல்லி அவன் போயிருந்தால் அது வேறு.

எங்கள் குடும்பத்தில் பாகம் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. மூத்தவன் பங்கு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். மூத்தவன் ஏமாற்றக்கூடாது என்பதற்காக யாரோ விவரமானவர் கொண்டு வந்த முறை. நான் அதிலும் கொஞ்சம் மூளையைச் செலவு செய்தேன். கடையில் உண்மையில் மதிப்புள்ள பொருள் ஒன்றே ஒன்றுதான்: ஸ்டிக்கர் வெட்டும் மெஷின். கடை திறந்த காலத்தில் வாங்கியது, இரும்புக்கு இரும்பு. அதையும் ஸ்டிக்கர் சுருள்களையும் ஒரு பக்கம் வைத்தேன். மற்றதையெல்லாம் எதிர்ப்பக்கம் குவித்தேன். ஏணி, துளை போடும் மெஷின், இரண்டு விசிறி, மேசை, நாற்காலிகள். அப்படியும் குவியல் சின்னதாகத் தெரிந்ததால், அந்த மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த பழைய கணினியையும் தூக்கி அதன் மேல் வைத்தேன்.

அவன் இரண்டு குவியலையும் பார்த்தான்.

"மாமா, கம்ப்யூட்டர் இந்தப் பக்கமா?"

"ஆமா. பழசுதானே லா அது. நான் புதுசு வாங்கிக்கிறேன்."

வாசலில் நின்றிருந்த தன் அக்காவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். ஏணிப் பக்கம் அவனுடையது, மெஷின் என்னுடையது. அன்று இரவு நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த வாரமே அவன் ஜுரு கடையின் படங்களை வாட்ஸ்அப்பில் போட ஆரம்பித்தான். கண்ணாடிக் கதவு, ஏர்கோன், மேசையில் புதுக் கணினி. நான் அதைவிடப் பெரிய திரையுள்ள கணினியாகப் பார்த்து வாங்கினேன், இருப்பதிலேயே புதிய சிஸ்டம் போட்டது. வாங்கிய அன்றே என் போனில் அவன் எண்ணைத் தடுத்தும் வைத்தேன். தினமும் அவன் படங்களைப் பார்த்துக்கொண்டு என்னால் பிழைப்பு நடத்த முடியாது.

புதுக் கணினியை மேசையில் வைத்து, மெஷினின் வயரை எடுத்தேன். அதைச் செருக ஓட்டையே இல்லை. பின்னால், பக்கவாட்டில், அடியில் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொம்தார் கடைத்தொகுதிக்குப் போய் மாற்று வயர் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். மெஷின் உயிர் பெற்றது, கத்தி ஓரத்துக்குப் போனது, ஒரே கோட்டை மேலும் கீழும் வெட்டி ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டது. பழைய மென்பொருளின் வட்டைப் போட்டால், இது இந்த சிஸ்டத்தில் ஓடாது என்றது புதுக் கணினி. பழைய மாதிரியே ஓடு என்று சொல்ல அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. அதையும் செய்தேன். திறந்தது, ஒரு கட்டம் காட்டியது, மூடிக்கொண்டது. பதினைந்து வருட டிசைன்களின் பிரதி என்னிடம் ஒரு பென்டிரைவில் இருந்தது. அவை வெறும் வெள்ளைத் தாள் படங்களாக வரிசையில் நின்றன. எதுவும் திறக்கவில்லை.

கணினியைத் தூக்கிக்கொண்டு, வாங்கிய கடைக்கே போனேன். அங்கிருந்த ஆள் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, இந்த சாஃப்ட்வேர் ரொம்ப பழசு லா. இதுக்கு கீ ஒன்னு இருக்குமே, எங்க?"

"என்ன கீ?"

"பழைய கம்ப்யூட்டர் பின்னால கட்டைவிரல் சைசுல ஒரு துண்டு சொருகியிருக்கும். அது இருந்தாத்தான் ஓடும். இல்லாட்டி திருட்டு காப்பின்னு நெனச்சு மூடிக்கும். புது கம்ப்யூட்டர்ல அத சொருகவும் எடமில்ல."

அந்தத் துண்டு எனக்கு நன்றாகத் தெரியும். சாம்பல் நிறம். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மெஷினுக்கு, கணினிக்கு, ஏணிக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் என் கையாலேயே சந்தனம் தொட்டு வைத்திருக்கிறேன். அது என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது அது ஜுருவில் இருந்தது.

இதெல்லாம் நடக்கும்போது தைப்பூசம் நெருங்கிவிட்டது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் வருடா வருடம் தண்ணீர்ப் பந்தல் போடும் குழு ஒன்று உண்டு. பந்தலின் பலகை, உபயகாரர் பெயர்கள், எல்லாம் எங்கள் கடை எழுத்துதான். இந்த வருடம் குழுத் தலைவர் ஜுருவுக்குக் கொடுப்பதா என்று யோசித்தார். நான் அவர் வீட்டுக்கே போய், "கடைய நடத்துனதே நான்தான் அண்ணே, அவன் கூட இருந்தான், அவ்வளவுதான்" என்று சொல்லி வாங்கி வந்தேன். பலகையைக் கொடுக்க முடியாமல் போனால் அந்த வேலை மட்டும் போகாது. அந்தக் கடையே அவனால்தான் ஓடியது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்துவிடும்.

மெஷின் இல்லாமல், கத்தியை வைத்துக் கையாலேயே எழுத்துகளை வெட்டிப் பார்த்தேன். 'தண்ணீர்' என்ற ஒரு சொல்லுக்கு ஒரு காலைப்பொழுது போனது. பார்த்தால் எலி கடித்த மாதிரி இருந்தது. என் மனைவி அதைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தாள்.

"போயி கேளுங்க. அவன் என்ன வேத்து ஆளா?"

"நான் போயி நிக்கணுமா அவன்கிட்ட?"

"அப்ப இதயே கொண்டுபோயி பந்தல்ல ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாலம் ஏறி ஜுருவுக்குப் போனேன். வழியெல்லாம் அந்தக் கடை ஈ ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மோட்டார் சைக்கிள் ஓட்டினேன். போய்ப் பார்த்தால் வெளியே மூன்று கார் காத்திருக்கிறது. உள்ளே ஒரு காருக்குக் கரும்பச்சை உறை ஒட்டி முடித்திருந்தார்கள். எங்கேயாவது சுருக்கமோ காற்றுக் குமிழோ இருக்காதா என்று அந்தக் காரை முழுக்க ஒரு சுற்று சுற்றினேன். குனிந்து கதவுக்கு அடியிலும் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

"மாமா!" அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "என்ன மாமா, போனே போக மாட்டேங்குது. மெசேஜ் போட்டா ஒரு டிக்கோட நிக்குது."

"போன் கெட்டுப்போச்சு" என்றேன். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் அது அடித்தது. அவன் அக்காதான். எடுத்து அணைத்தேன். அவன் காதில் விழாதது போல ஏணியை நகர்த்தினான்.

நான் வந்த காரணத்தைச் சொல்லும் முன்பே ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து அரிசிப் பையில் சுற்றியிருந்த பழைய கணினியை இறக்கினான். தூசி படவில்லை. பின்னால் இருந்த சாம்பல் துண்டு கழன்று விழாமலிருக்க டேப் ஒட்டி வைத்திருந்தான்.

"இது இல்லாம மெஷின் ஓடாது மாமா. அன்னைக்கே கேட்டேன். நீங்க புதுசு வாங்குறேன்னீங்க, சரி, வேற ஏதோ வழி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். அப்புறமா மெசேஜும் போட்டேன்."

மோட்டார் சைக்கிளில் அதைக் கொண்டு வர முடியாது. மூன்று காரையும் காக்க வைத்துவிட்டு, தன் காரில் அவனே ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் ஜெலுத்தோங் வந்து சேர்ந்தான். வயரை மாட்டினான், பொத்தானை அழுத்தினான். பழைய நீலத் திரை வந்தது. மெஷின் பழைய சத்தத்தோடு 'தண்ணீர்ப் பந்தல்' என்று ஒரே மூச்சில் வெட்டியது. இப்போதாவது அவன் முகத்தில் ஏதாவது தெரியும் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எங்கள் இருவருக்கும் பதினைந்து வருடம் சோறு போட்ட மெஷின். தொட்டாவது பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் சமையல்கட்டுக்குப் போய், "அக்கா, என்ன கொழம்பு?" என்றான். தலை அவனுக்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

பலகை நேரத்துக்குப் போனது. பூசத்தன்று பந்தலில் குழுத் தலைவர் என் தோளைத் தட்டி, "நீ தனியாவே நல்லா செஞ்சிட்ட லா" என்றார். நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். ஒரு நிமிடம்கூட அது இனிக்கவில்லை, ஏனென்றால் கூட்டத்தில் அவன் வந்துகொண்டிருந்தான். நான் சிவப்புச் சிராப் சர்பத் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே பலகையைப் பார்த்தான்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவன் கண்ணில் ஆசையைப் பார்க்க வேண்டும் எனக்கு. "மெஷினுதான் கடையிலேயே நல்ல சாமான். உனக்குப் போச்சேன்னு இருக்குமில்ல?" என்றேன்.

அவன் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தான். "இல்ல மாமா. அத நான் எடுத்துட்டா அக்கா வீடு எப்படி ஓடும்? அதான் அன்னைக்கு ஏணிய எடுத்தேன்."

கோப்பையை நீட்டி, இன்னும் கொஞ்சம் கேட்டான். நான் ஊற்றினேன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.