வலி இல்லாத ஆறு நாட்கள்

என் வாழ்க்கையிலேயே மிகவும் சுகமாக இருந்த நாட்கள் எவை என்று யாராவது கேட்டால், போன ஆடி மாதத்தில் என் இடது கால் செத்துக்கொண்டிருந்த அந்த ஆறு நாட்களைத்தான் சொல்வேன். கல்யாணமான புதிதில்கூட நான் அப்படி மிதந்ததில்லை. இதை மனைவியின் எதிரில் சொல்வதில்லை.

கணபதி என்கிற ஊரில் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் என் பட்டறைக்கு வரும். கருகிய செம்புக் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுக் கம்பியை என் மனைவி சுற்றுவாள். அவளுக்கு என்னைவிடக் கை நேர்த்தி. மற்றதெல்லாம் என் பாடு. பாதி நாள் குனிந்து உட்கார்ந்திருப்பேன், மீதி நாள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடப்பேன். இருபது வருடம் இப்படிப் போனால் முதுகு சும்மா இருக்குமா? முதலில் இடுப்பில் பிடிப்பு வந்தது. பிறகு அது பின்தொடை வழியாக இறங்கி, பழுக்கக் காய்ச்சிய கம்பி மாதிரி இடது பாதம் வரை வந்து நின்றது. தும்மினால் கண்ணில் தண்ணீர் கட்டியது. எலும்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, ஜவ்வு விலகியிருக்கிறது, உடனே ஆபரேஷன் தேவையில்லை, கனம் மட்டும் தூக்காதீர்கள் என்றார். கனம் தூக்காமல் என் தொழிலை எப்படிச் செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரவணம்பட்டிக்குப் போகலாம் என்றது என் மனைவிதான். கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு எதிரே, ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு பெண் முதுகெலும்பை நேராக்குகிறார் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். பலகையில் கைரோபிராக்டிக் என்று எழுதியிருந்தது. கடைசிவரை அந்த வார்த்தை என் வாயில் நுழையவே இல்லை. காத்திருந்தவர்கள் எல்லோரும் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள். கையில் வார்னிஷ் கறையோடு நான் ஒருவன்தான். அந்தப் பெண் என்னை அண்ணா என்று கூப்பிட்டார். நான் அவரை டாக்டர் என்று கூப்பிட்டுப் பார்த்து, வயதுக்குப் பொருந்தாமல், அம்மணி என்று வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் மனைவி முதற்கொண்டு எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அங்கிருந்த மெத்தைப் பலகையில் குப்புறப் படுத்தால் முகம் புதைய ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியாகத் தரை மட்டும் தெரியும். சாம்பல் நிறத்தரை, அதில் வெள்ளைப் புள்ளிகள். ஜன்னலுக்கு வெளியே ஆடிக்காற்று வீசிக்கொண்டே இருக்கும், கீழேயிருந்து பன் வேகும் வாசனை மேலே ஏறி வரும். கொஞ்ச நேரத்தில் அந்தப் புள்ளிகள் மெல்ல நகர ஆரம்பிக்கும். நான் உயரத்தில் எங்கோ படுத்துக்கொண்டு ராத்திரி நேரத்து ஊரைப் பார்ப்பது போலிருக்கும். அந்த ஊரின் மேல் அவருடைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூக்கள் வந்து நிற்கும், போகும். விரல்கள் என் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக எண்ணிக்கொண்டு இறங்கும். மூச்சை விடச் சொல்வார். விட்டு முடிக்கிற இடத்தில் ஒரு அழுத்தம். பலகை ஒரு விரற்கடை கீழே இறங்கி டொக் என்று நிற்கும். தூக்கத்தில் படி தவறி விழுந்து, விழுந்த இடம் மெத்தை என்று தெரிந்த மாதிரி ஒரு நிம்மதி. அந்தப் பலகையில் நான் எத்தனை தடவை தூங்கிப்போனேன் என்று எனக்கே தெரியாது.

முதல் மூன்று தடவை நிஜமாகவே தேவலையாக இருந்தது. நான்காம் தடவைக்கு முன்னால் ஒரு தப்பு செய்தேன். தென்னங்கன்று காய்கிறது என்று ஒருவர் பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உதவிக்கு ஆள் இல்லை. நானே அவர் மோட்டாரைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே காலில் கம்பி மறுபடி பழுத்தது.

மறுநாள் அம்மணி எப்படி இருக்கிறது என்று கேட்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. விருந்தில் உப்பில்லாத குழம்பை ஊற்றிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் நல்லாருக்குதுங்க என்போம். கேட்டவர் மனசு நோகக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பெண் என் முதுகுக்காக அவ்வளவு பாடுபட்டிருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்து எப்படி இல்லை என்று சொல்வது? தேவலைங்க என்றேன். அவர் சந்தோஷமாக அதைக் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். அவளுக்கும் அதே பதில்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நானும் அப்படித்தான் கெட்டேன், என்ன, மரியாதையாகக் கெட்டேன்.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்தால், வலி இல்லை. தும்மிப் பார்த்தேன், இல்லை. குனிந்து பார்த்தேன், இல்லை. சுமையை யாரோ நடுவழியில் வாங்கிக்கொண்ட மாதிரி உடம்பு லேசாகிவிட்டது. உடனே சரவணம்பட்டிக்கு போன் போட்டு, முழுசாகக் குணமாகிவிட்டது, இந்த வாரம் வரவில்லை என்று சொன்னேன். அந்த ஆறு நாட்களும் தோட்டம் தோட்டமாகப் போனேன். மேற்கே மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. சாரல் விழுந்துகொண்டே இருந்தது, சோளப்பயிர் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. என் இடது பாதத்துக்குக் கீழே மண்ணே இல்லை. பஞ்சு மேல் வைத்த மாதிரி இருந்தது. ஈரவரப்பின் சில்லென்ற தன்மை வலது காலில் மட்டும் ஏறியது. அதையும் நான் சுகத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். நடந்தேனா, யாராவது என்னைச் சுமந்து போனார்களா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஙொய் என்று சத்தம் வருகிறது என்று யாராவது மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் பயப்படமாட்டேன். சத்தம் இருந்தால் உயிர் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை என்பவரிடம்தான் உட்காரச் சொல்லி மெதுவாகப் பேசுவேன். ஊரான் மோட்டாரில் எனக்குத் தெரிந்தது என் சொந்தக் காலில் தெரியவில்லை.

என் மனைவிக்குத்தான் முதலில் உறுத்தியது. நான் வீட்டுக்குள் நடக்கும்போது ஒரு கால் டப் டப் என்று அடிக்கிறது என்றாள். தரை ஈரம் என்றேன். அவள் வாதாடவில்லை. குணமாக்கிவிட்டவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வரவேண்டாமா என்று வேறு வழியில் வந்தாள். அதற்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

மாடிக்குப் போய் உட்கார்ந்த ஒரு நிமிஷத்தில், எங்கள் பின்னாலேயே அம்மணி படியேறி வந்தார். அவர் கையில் ஒரு செருப்பு இருந்தது.

"ஏனுங்ணா, இது உங்க செருப்புங்களா? நாலாவது படியில கெடந்துச்சு."

குனிந்து பார்த்தேன். என் இடது கால் வெறுங்காலாக இருந்தது. கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலோடு மீதிப் படிகளை ஏறியதும் தெரியவில்லை. சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, பெருவிரலின் மேல் தன் விரலை வைத்து, அதை மேலே தள்ளச் சொன்னார். தள்ளினேன். தள்ளுவதாக நினைத்தேன். பெருவிரல் அப்படியே கிடந்தது. குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது பாதம் எழுந்தது, இடது பாதம் எழவில்லை. ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா என்று அவர் கேட்டதற்கு, வெட்கத்தோடு இல்லை என்றேன். அது உண்மைதான்.

வழக்கம் போலப் பலகையில் போய்ப் படுக்க எழுந்தேன். அவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். இன்றைக்கு என் முதுகைத் தொடப்போவதில்லை, நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அநேகமாக ஆபரேஷன் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வலியோடு வந்தபோது தொட்டவர், வலி போன பிறகு துரத்துவது என்ன நியாயம் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"வலி போகலைங்ணா. உங்க நரம்பு சொல்றத நிறுத்திப்போடுச்சு. எத்தன நாளா இப்புடி இருக்குதுங்க?"

ஆறு நாள் என்றேன். அதற்கு முன்னால் வலி மறுபடி வந்ததையும், மோட்டார் தூக்கியதையும் சேர்த்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மணி அப்போதே ஆஸ்பத்திரிக்கு போன் செய்ய ஆரம்பித்தார். அவரிடம் பேசிக்கொண்டிருந்த எனக்கு, என் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அப்போதுதான் உறைத்தது. கொய்யாப்பழப் பை அவள் மடியில் இருந்தது.

"ஒரே ஊட்லதானுங்க இருக்கறோம்," என்றாள். பையை அம்மணியின் மேஜையில் வைத்துவிட்டு, ஆட்டோ கூப்பிட எனக்கு முன்னால் படியிறங்கினாள்.

மறுநாள் ஆபரேஷன். நரம்பை நசுக்கிக்கொண்டிருந்த ஜவ்வுத் துண்டை எடுத்தாயிற்று, காலில் உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். திரும்பியது, முக்கால்வாசி. வரப்பில் இப்போதும் கைத்தடியோடுதான் நடக்கிறேன். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. திரும்பாவிட்டால் தோட்டம் இல்லை, தோட்டம் இல்லாவிட்டால் பட்டறை இல்லை. படுக்கையில் கிடந்து, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் காலை யாரோ ஒருவருடையதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினமும் காலையில் என் மனைவி கால்மாட்டில் உட்கார்ந்து, பெருவிரலை நகத்தால் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பாள். முதல் நாள் லேசாகத் தெரிகிறது என்றேன். இரண்டாம் நாள் கொஞ்சம் நன்றாகவே தெரிகிறது என்றேன். இரண்டும் பொய். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மூன்றாம் நாளும் வந்து உட்கார்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன, தூங்கியிருக்கவில்லை. நல்லாத் தெரியுது என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவள் அன்றைக்காவது கொஞ்சம் தூங்குவாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணுமே தெரியலை அம்மணி," என்றேன். "பயமா இருக்குது."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. தன் கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் மேலே வைத்து அழுத்தினாள். இங்கே? இல்லை. இன்னும் மேலே. இல்லை. பாதத்தைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டி, முழங்காலுக்கு ஒரு சாண் கீழே அவள் அழுத்தியபோது சுரீரென்று வலித்தது, வலிக்கிறது என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார். அவள் தலைமாட்டில் கிடந்த பேனாவை எடுத்து, அந்த இடத்தில் காலின் குறுக்கே அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

"நாளைக்கு இந்தக் கோட்டுக்குக் கீழ அமுத்திப் பாக்கறேன்," என்றாள். "அப்பவும் இதே மாரி உள்ளதச் சொல்லிப்போடுங்க."