உயரமான பின்சீட்டு

என் தம்பி துஷாந்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், சுயநலக்காரன் என்று மட்டும் என் முன்னால் சொல்லக் கூடாது. அதைச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கிறது. நானும் அதை அவன் முகத்துக்கு நேரேயே நிறையத் தடவை சொல்லியாகிவிட்டது.

பூண்டுலோயா டவுனுக்கு மேலே, தேயிலைக்குள் ஏறிப் போகும் பாதையின் கடைசியில் இருக்கிறது எங்கள் லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். நான் பூரணி. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். நாள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டி அதட்டியே என் வாய் இப்படி ஆகிவிட்டது என்று துஷாந்த் சொல்வான். எங்களுக்கு அம்மா இல்லை. அப்பா சிவசாமிக்கு இழுப்பு. மழையும் பனிமூட்டமும் சேர்ந்து இறங்குகிற மாதங்களில் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் சத்தம் வரும். வாயில் மருந்து பம்ப் அடித்தும் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட வேண்டும், தாமதித்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

கொண்டு போவது லேசா என்ன? பெருமழையில் பாதி வழியில் இருந்த பாலம் உடைந்துபோனது. அதன்மேல் பலகை போட்டு வைத்திருக்கிறார்கள். ஆட்டோ ஏறாது. ஆம்புலன்ஸுக்கு அடித்தால் பாலத்தடி வரைக்கும்தான் வரும், அதற்கு மேல் அவர்கள் என்ன செய்வார்கள் பாவம். அந்தப் பலகையில் போய் வரக்கூடியது மோட்டார் சைக்கிள் ஒன்றுதான்.

துஷாந்திடம் ஒரு பழைய நூறு சீசீ பைக் இருந்தது. கூரியர் கம்பனி ஒன்றுக்குத் தோட்டம் தோட்டமாகப் பார்சல் கொண்டு போய்க் கொடுப்பது அவன் வேலை. அந்த பைக்கின் சீட்டு நீளமாக, மட்டமாக, வாங்குப் பலகை போல இருக்கும். நோயாளியை நடுவில் உட்கார வைத்து, முன்னால் அவன் ஓட்ட, பின்னால் ஒருவர் உட்கார்ந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் இருப்பவருக்கு மயக்கமே வந்தாலும் விழமாட்டார். வலி கண்ட பெண்களும் அப்படித்தான் போனார்கள். கவ்வாத்துக் கத்தி காலில் பட்ட அழகனும் அப்படித்தான் போனான். அப்பா எத்தனை தடவை போனார் என்று நான் எண்ணவில்லை, பின்னால் உட்கார்ந்து பிடித்தது எப்போதும் நான்தான். சந்தியில் நிற்கிற பொலிஸ் ராலஹாமிகூட மூன்று பேர் போவதைப் பார்த்தால் மறிக்கமாட்டார். "பரிஸ்ஸமென் யன்ன" என்று, பார்த்துப் போகச் சொல்லிக் கையைக் காட்டுவார்.

இப்படி ஓடி ஓடி அவனுக்கு "ஆம்புலன்ஸ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். டவுனில் கூட்டாளிகள் அப்படிக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், சாப்பிடமாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பையன்கள் கொத்மலை அணைக்கட்டுப் பக்கம் பெரிய பெரிய பைக்கில் போவார்கள். இவனும் கூடப் போவான். ஏற்றத்தில் இவனுடைய வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி முடிப்பதற்குள் அவர்கள் டீ குடித்து, படமெடுத்து, திரும்பி வந்துகொண்டிருப்பார்களாம்.

"அக்கா, எனக்குன்னு ஒண்ணு வேணும்க்கா. எல்லாருக்காகவும் ஓடுறேன்ல, எனக்காக ஒண்ணு ஓட்டக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டான்.

இருபத்து நாலு வயதுப் பையன் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் பெரிய பைக் வாங்க அவன் எடுக்கும் கடனுக்குப் பிணைக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அப்பாதான் என் மனதைக் கரைத்தார்.

"புள்ள ஆசப்படுறான். நாம அவனுக்கு வேற என்னத்தச் செஞ்சோம்? போட்டுக் குடும்மா."

போட்டுக் கொடுத்தேன். அவன் சேர்த்து வைத்திருந்தது, சீட்டுப் பிடித்து எடுத்தது எல்லாம் போதாமல், பழைய பைக்கையும் கீழ் லயத்து யோகேஸ்வரனுக்கு விற்றான். மிச்சத்துக்குப் பினான்ஸ். கம்பளையில் பைஸர் நானாவின் கடைக்கு நானும் கூடப் போனேன். இருநூற்றைம்பது சீசீ, கறுப்பும் சிவப்பும், இரண்டாம் கையென்று சொல்லவே முடியாது. முன்சீட்டு தாழ்வாக இருந்தது. பின்சீட்டு அதற்கு மேலே தனியாக, ஒரு ஆள் குந்துகிற அளவுக்கு உயர்ந்து நின்றது.

பைஸர் நானா நல்ல மனுஷன். விற்கிற நேரத்திலும் கேட்டார். "தம்பி, வயசான ஆக்கள் யாரும் ஏறுவாங்களா? இதுல பின்னுக்கு ஏறி இருக்கிறது கஷ்டம்."

"நான் மட்டுந்தான் ஓட்டுவேன் நானா," என்றான் துஷாந்த்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பாவின் நினைப்பு எனக்கு வந்தது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அந்த மாதிரி அவன் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

லயமே திரண்டு வந்து பைக்கைப் பார்த்தது. அப்பா டாங்கியைத் தடவிக் கொடுத்து, "குதுர மாதிரி இருக்குடா" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். யாருக்காவது முடியாமல் போனால் எங்கள் கதவைத் தட்டுவதில்லை. நேரே யோகேஸ்வரனிடம் போனார்கள். துஷாந்த் அதை நிம்மதி என்று நினைத்தானோ, வருத்தப்பட்டானோ, அவனுக்கே தெரிந்திருக்காது.

அடைமழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்கு இழுப்பு வந்தது. துஷாந்த் வெளியே பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். பம்ப் அடித்தோம், கேட்கவில்லை. உதடு கறுத்து வந்தது.

"அப்பா, ஏறுங்க. மெதுவா," என்று துஷாந்த் பைக்கைச் சாய்த்துப் பிடித்தான்.

அவரால் காலை அந்த உயரத்துக்குத் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் தூக்கி உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் அப்படியே முன்னால் சரிந்து துஷாந்தின் முதுகில் விழுந்தார். மூச்சுக்குத் தவிக்கிற மனுஷன் நிமிர்ந்து இருக்க வேண்டும், இவருக்கோ நெஞ்சு அழுந்திப் போனது. பின்னால் நான் ஏறிப் பிடிக்க இடம் இல்லை. பெட்ஷீட்டை எடுத்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினோம். முதல் வளைவு வரைக்கும்தான் போனார்கள். அப்பா ஒரு பக்கமாகச் சரிய, பைக்கும் சரிய, துஷாந்த் காலை ஊன்றி நிறுத்திவிட்டான். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அப்பா வடிகால் கானோரம் உட்கார்ந்து இரண்டு கையையும் தரையில் ஊன்றி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். தம்பி பெட்ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்தவன் போல நின்றான்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று கத்தினேன். "உன் ஆசையில மண்ணள்ளிப் போட. அப்பா போயிட்டாருன்னா அந்தச் சீட்டுல யார வச்சு ஓட்டுவ?"

அவன் போனை எடுத்து யோகேஸ்வரனுக்கு அடித்தான்.

பழைய பைக் மேலே ஏறி வந்த சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. யோகேஸ்வரன் முன்னால், அப்பா நடுவில், நான் பின்னால். அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. பலகைப் பாலத்தைத் தாண்டும்போது யோகேஸ்வரனின் தோளில் தலையைச் சாய்த்து, விட்டு விட்டு வந்த மூச்சில், "மெதுவா போ துஷா. நீ ஓட்டினா எனக்குப் பயமில்ல," என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். துஷாந்த் எங்களுக்குப் பின்னால், அந்தப் பெரிய பைக்கில் தனியாக, மெதுவாக வந்துகொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். சாயங்காலம் அப்பா பேசினார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஹெல்மட்டோடு நின்ற மகனைப் பார்த்து முதலில் கேட்டது இதைத்தான்.

"நம்ம பைக்குலதானே வந்தேன்? சத்தம் எனக்குத் தெரியாதா. திரும்ப வாங்கிட்டியாடா?"

"ஆமாப்பா," என்றான் துஷாந்த்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளிக்கு முன்னால் எதைப் பேசுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பா பக்கத்துக் கட்டில்காரரிடம், "எம் மகன் எனக்காகப் பழைய வண்டிய திரும்ப வாங்கிட்டானுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்தப் பொய்யை உண்மையாக்கத் துஷாந்த் அன்றைக்கே யோகேஸ்வரனிடம் போனான். கூடுதலாகத் தருகிறேன், வண்டியைத் திருப்பிக் கொடு என்று கெஞ்சினான்.

யோகேஸ்வரன் மோசமான ஆள் இல்லை. "மச்சான், தனுஜாவுக்கு மாசம் நெருங்கிருச்சு. இதை நம்பித்தான் நான் இருக்கேன். அப்பாவுக்கு எப்ப வேணும்னாலும் கூப்பிடு, சோத்துக் கையோட எந்திரிச்சு வர்றேன். வண்டிய மட்டும் கேக்காத," என்றானாம்.

பிள்ளை பெறப் போகிறவளின் புருஷனிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? வேறொன்று வாங்கலாம் என்றால், பினான்ஸ் கட்டி முடிக்கும் வரைக்கும் பெரிய பைக்கை விற்கவும் முடியாது.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அப்பாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று துஷாந்த் பழைய பைக்கை இரவல் வாங்கி வந்தான். அவன் முன்னால், அப்பா நடுவில், நான் பின்னால். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழியில் கண்டவர்களுக்கெல்லாம் கையைக் காட்டினார். பெரிய பைக்கில் யோகேஸ்வரன் எங்களுக்குப் பின்னால் வந்தான். "அவனும் ஒரு தரம் ஓட்டிப் பாக்கட்டும்," என்று அப்பா என் காதோடு சொன்னார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா உள்ளே போகவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வண்டியையே பார்த்தார். யோகேஸ்வரன் ஒரு ஓரமாக நின்றான். அப்பா உள்ளே போன பிறகு எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவன் பார்த்தான். தூறல் போட ஆரம்பித்தது. அவன் போன் இரண்டு தடவை அடித்தது, வீட்டில் தனுஜா தனியாக இருக்கிறாள். அப்பா எழுந்து போய்த் தோளில் இருந்த துண்டால் சீட்டைத் துடைத்தார்.

"அப்பா," என்றான் துஷாந்த். "வண்டி யோகேஸ்வரனோடதுப்பா. நான் திரும்ப வாங்கல."

அப்பா துடைப்பதை நிறுத்தவில்லை. சீட்டின் கடைசி வரைக்கும் துடைத்தார். துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

"ஈரமா இருந்துச்சு, தொடச்சுட்டேன்," என்றார். "கொண்டு போகச் சொல்லு. அந்தப் புள்ள தனியா இருக்கும்."

உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். துஷாந்தை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கும் அவனுக்கும் ஆறியிருக்கும். திட்டவில்லை. நானும் அன்றைக்கு அவனை ஒன்றும் சொல்லவில்லை.

பெரிய பைக் இப்போது பொலித்தீன் மூடி வாசலில் நிற்கிறது. பார்சல் கொண்டு போக மட்டும் எடுக்கிறான். கொத்மலைப் பக்கம் போவதை விட்டுவிட்டான். அப்பா இருமினால் முன்பெல்லாம் ஓடி வந்து அவர் முகத்தைப் பார்ப்பான். இப்போது அப்படி இல்லை. வாசலுக்குப் போய், கீழ் லயத்தை எட்டிப் பார்க்கிறான், யோகேஸ்வரன் வீட்டு முன்னால் அந்த பைக் நிற்கிறதா என்று.