உள்ள வரட்டுமா, பாய்?

இது நடந்தது. அல்லாஹ் மேல் ஆணையாக நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போவீர்கள். எனக்கு நடந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மயிலாப்பூரில், டியூப் லைட் வெளிச்சத்தில். கீழே பஜ்ஜிக் கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சாட்சியும் இருந்தார். சாட்சி இருந்ததுதான் இன்றுவரை என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

என் பெயர் ஷரஃபுதீன். லஸ் பக்கம் ஒரு சந்தில், மாடியில், அரபி மொழிபெயர்ப்பு அலுவலகம் வைத்திருக்கிறேன். வளைகுடாவில் இறந்துபோகிறவர்களின் காகிதங்கள்தான் பாதி வேலை. அதையெல்லாம் யாரோ ஒரு கம்பெனியின் மெயிலில் போட்டுவைக்க எனக்கு மனசு வராது. மாதாமாதம் அதற்குப் பணம் அழவும் மனசு வராது. உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் முக்கியமான காரணம். அதனால் சொந்தமாக ஒரு மெயில் சர்வர். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர், மேசைக்கு அடியில் உறுமிக்கொண்டு கிடக்கும். அக்கா மகன் சஃப்வான் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்துவிட்டு டொரண்டோ போய்ச் சேர்ந்தான்.

அன்று காலையிலிருந்தே மழை. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. எனக்குப் பின்னால் சுவரோரம் தேவானை உட்கார்ந்திருந்தார். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீன் விற்கிறவர். அவர் கணவர் தணிகாசலம் வளைகுடாவுக்குப் படகு வேலைக்குப் போனவர். அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். மூன்று வாரமாக உடல் அங்கே சவக்கிடங்கில். மனைவியின் சம்மதக் கடிதமும் அதன் அரபி மொழிபெயர்ப்பும் அன்று தணிகாசலத்தின் கம்பெனி அலுவலகம் மூடுவதற்குள், அதாவது நம் நேரம் ஐந்தரைக்குள், போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் அங்கேயே அடக்கம் செய்துவிடுவோம் என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். அதுவும் அவர்களிடம் பதிவாகியிருக்கும் என் அலுவலக முகவரியிலிருந்துதான் போகவேண்டும். வேறு எதிலிருந்து போனாலும் திறக்கமாட்டார்கள்.

தேவானை அழவில்லை. பக்கத்து நாற்காலியில் தன் ஒயர் கூடையை வைத்துக்கொண்டு, அதன் காதைப் பிடித்தபடி இருந்தார். வந்ததிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஏர்போட்டுக்கு கெளம்பசொல்ல 'போறேன்'னுச்சு பாய். 'வரேன்'னு சொல்லல. என்னிக்கும் அப்டி சொல்லாத மனுசன்."

நான் கடிதத்தை மெயிலோடு இணைத்தேன். 

நாலு பத்துக்கு மெயிலை அனுப்பினேன். போகவில்லை. அனுப்பியதாகக் காட்டியது, ஆனால் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி அனுப்பினேன். வரிசையில் இரண்டானது. மூன்றானது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

சஃப்வானைக் கூப்பிட்டேன். அங்கே விடியவில்லை, துரை எடுக்கவில்லை. தி. நகரில் ஒரு கம்பெனியைப் பிடித்தேன். அந்தப் பெண் தேன் ஒழுகப் பேசி, வருடாந்தர ஒப்பந்தம் போட்டால்தான் ஆள் அனுப்புவோம் என்றாள். மெயில் சர்வரையே விற்றாலும் அந்தத் தொகை தேறாது. தனியாக வேலை செய்யும் ஒருவர் நம்பர் கிடைத்தது. வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர், சார், நாளைக்கு வரேன் என்றார். நாளைக்கு வந்து என்ன செய்ய? என் தலையில் தண்ணீர் தெளிக்கவா?

எரிச்சலில் கம்ப்யூட்டரை மேசைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். பக்கவாட்டில், தூசுக்கு அடியில், பழுப்பேறிய ஒரு ஸ்டிக்கர். கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது.

'அறிவு. எப்ப வேணா கூப்டுங்க.'

கீழே ஒரு நம்பர். தண்ணீர் பட்டு ஊறிய எழுத்து, ஆனால் படிக்க முடிந்தது. ரிச்சி தெருப் பையன் யாரோ, சல்லிசாக முடித்துக் கொடுப்பான் என்று போட்டேன்.

முழு ரிங் கூடப் போகவில்லை.

"சொல்லு பாய்."

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. நம்பர் போட்டால் பெயர் காட்டும் போன்கள் உண்டே, அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். அவன் பக்கம் ஏதோ சத்தம். சளக்... சளக்... தண்ணீரில் யாரோ நடப்பதுபோல.

எங்கே தம்பி இருக்கே என்று கேட்டேன். வேளச்சேரி என்றான். அன்று வேளச்சேரி முழுக்கத் தண்ணீர்தான், அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காசு எவ்வளவு என்று கேட்டேன். அதற்கு மட்டும் சிரித்தான்.

சுவரில் இருந்த இன்டர்நெட் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மின்னியது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"செவப்பு லைட்டு எரியுது, அதானே? அத்த பாக்காத பாய். கைய தொடச்சிக்கோ. ஈரமா கீது."

கையைப் பார்த்தேன். ஈரம்தான். குடையை மடக்கி வைத்த ஈரம்.

துண்டில் துடைத்துக்கொண்டேன். அப்போது அவன் கேட்டான்.

"உள்ள வரட்டுமா, பாய்?"

சர்வரை ரிப்பேர் செய்கிறவர்கள் கேட்பதுதான். சஃப்வானும் டொரண்டோவிலிருந்து இப்படித்தான் கேட்பான். இருந்த இடத்திலிருந்தே கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை செய்வார்கள். நம் வாய் சும்மா இருக்குமா? வாசலில் வந்து கேட்ட விருந்தாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

"வாங்க, வாங்க."

பின்னால் சரசரவென்று சத்தம். திரும்பினேன். தேவானை பக்கத்து நாற்காலியிலிருந்த ஒயர் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காலியான நாற்காலியை என் மேசைப் பக்கம் லேசாகத் தள்ளியும் விட்டார். எனக்கு வசதி செய்து கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

"தொப்பலா நனஞ்சிட்டியே..." என்று முணுமுணுத்தார்.

நான் ஒன்றும் அவ்வளவு நனையவில்லை. குடை பிடித்து வந்தவன். அதைச் சொல்ல நேரமில்லை. மணி ஐந்து.

திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. பையன் கெட்டிக்காரன். படபடவென்று எதையோ திறந்தான், மூடினான். நான் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்று வாடை வந்தது. அடையாற்றுப் பாலத்துக்குக் கீழே வருமே, அந்த வாடை. மழை நாளில் ஊரே அப்படித்தான் நாறும்.

ஐந்து பத்துக்கு எனக்கு ஒரு சந்தேகம். முன்பின் தெரியாதவனை உள்ளே விட்டிருக்கிறோம். இறந்தவர்களின் காகிதமெல்லாம் இருக்கிறது. இப்போது யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க சஃப்வான் ஒரு வழி சொல்லித் தந்திருந்தான். இன்னொரு ஜன்னல் திறந்து அதைப் போட்டேன்.

இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று ஷரஃப். இன்னொன்று அறிவு.

சரி, இதில் என்ன என்று கேட்பீர்கள். வெளியிலிருந்து நுழைந்தவர் என்றால் பெயருக்கு நேரே அவர் எங்கிருந்து வருகிறார் என்று புள்ளி வைத்த நீளமான எண் இருக்கும். சஃப்வான் நுழையும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். இந்தக் கம்ப்யூட்டரின் முன்னால், இதே கீபோர்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த எண் வராது.

என் பெயருக்கு நேரே எண் இல்லை.

அவன் பெயருக்கு நேரேயும் இல்லை.

கீபோர்டைப் பார்த்தேன். என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

டக்.

டக்... டக்...

எழுத்துக் கட்டைகள் தாமாக இறங்கி ஏறின. இடைவெளி விடும் நீளமான கட்டை அமுங்கியது. எழுந்தது. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்.

இன்னொரு சொட்டு.

மேலே பார்த்தேன். கூரை காய்ந்திருந்தது.

 மனசுக்குள் ஆயத்துல் குர்ஸி ஓதினேன். பாதியில் மறந்தது. நாற்பது வருடமாக ஓதுவது, மறந்தது.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும். எல்லாம் நின்றுவிடும். ஆனால் மெயிலும் நின்றுவிடும். தணிகாசலம் அங்கேயே...

பயம்தான் ஜெயித்தது. கையை நீட்டினேன்.

"புடுங்காத பாய்."

போனில் வந்ததா? இல்லை... பக்கத்திலா?

"கை ஈரமா கீது."

கையைப் பார்த்தேன்.

ஈரம். மணிக்கட்டுவரை ஈரம். துடைத்த கை.

கையை இழுத்துக்கொண்டேன்.

ஐந்து இருபத்தாறு.

வரிசையில் மூன்று. இரண்டு. ஒன்று.

காலி.

"போச்சு பாய்."

ஒரு நிமிடம் கழித்து அங்கிருந்து பதில் வந்தது. கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை உடலை அனுப்ப ஏற்பாடு செய்கிறோம் என்று அரபியில் இரண்டு வரி. தேவானைக்குச் சொன்னேன்.  அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

போனில் அவன் சொன்னான். "வரேன் பாய்."

பயத்திலும் வாய்ப்பழக்கம் போகுமா? "சரி தம்பி, வாங்க" என்றுவிட்டேன்.

பின்னால் தேவானையும் யாரிடமோ மெதுவாக என்னவோ சொன்னார்.

மறுநாள் இரண்டு விஷயம் தெரிந்தது. இன்டர்நெட்காரன் ஏணியோடு வந்தான். முந்தின நாள் மூன்று மணிக்கு மரம் விழுந்து கேபிள் அறுந்துவிட்டதாம், ராத்திரி ஒன்பதுக்குத்தான் ஒட்டினார்களாம். எங்கள் சந்து முழுக்க அதுவரை லைன் செத்துக் கிடந்திருக்கிறது. என் மெயில் எந்த வழியாகப் போனது என்று அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பியிருப்பான்.

இரண்டாவது, ரிச்சி தெரு. கம்ப்யூட்டரை எனக்கு விற்ற கடைக்காரர் இனாயத். ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் காட்டினேன். அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அறிவு அவரிடம் வேலை பார்த்த பையன். இரண்டு வருடம் முன்பு, பெரிய மழையில், வேளச்சேரியில் ஒரு அலுவலகத்தின் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தபோது கம்ப்யூட்டர்களைத் தூக்கி மேலே வைக்கப் போயிருக்கிறான். ஈரக் கையோடு ப்ளக்கைப் பிடுங்கியிருக்கிறான். அங்கிருந்து வந்த பெட்டிதான் என்னுடையது. டிஸ்க் புதுசு, பாய், வெளிக்கூடு மட்டும்தான் பழசு என்று இனாயத் சத்தியம் செய்தார்.

"வூட்டுக்கு சொல்லலாம்னா, ஆத்தோரம் இருந்த குடும்பம், அப்பதான் கவர்மென்ட்டுல பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாத்திட்டாங்க. எந்த பிளாக்குன்னு யாருக்கும் தெரியல. கண்டுபுடிக்கறதுக்குள்ள இங்கயே அடக்கம் ஆயிடுச்சி பாய். அவன் வூடு போய் சேரவே இல்ல."

அந்த நம்பருக்கு அங்கேயே நின்று போட்டேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது.

அடுத்த வாரம் தணிகாசலம் வந்து சேர்ந்தார். குப்பத்துக்குப் போனேன். எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்து, பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் கிடந்தன. நல்ல வெயில். தேவானை என் கையைப் பிடித்துக்கொண்டு அன்றுதான் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் புள்ள எங்க பாய்? அன்னிக்கி உன் பக்கத்துல குந்திக்கினு தட்டிக்கினு இருந்துச்சே. தொப்பலா நனஞ்சி, தண்ணி சொட்டசொட்ட."

நான் எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். 

"நீ வான்னு கூப்புட்டதும் உள்ள வந்துச்சே. நான்தான் கூடய எடுத்துட்டு எடம் வுட்டேன். கெளம்பசொல்ல கேட்டேன், இவ்ளோ மழையில இன்னும் வூட்டுக்கு போலியாப்பான்னு. 'யாரும் வான்னு கூப்புடலக்கா'ன்னுச்சு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அப்பறம் 'வரேன்க்கா'ன்னுச்சு. என் வூட்டுக்காரரு சொல்லாம போன வார்த்த பாய் அது. மனசு கேக்கல. எங்க வூட்டுக்கு வாப்பான்னு சொல்லிட்டேன்."

நான் விடைபெற எழுந்தேன். வாய்வரை வந்த 'வரேன்' என்ற வார்த்தையை விழுங்கிக்கொண்டு, சும்மா தலையை ஆட்டினேன்.

பந்தலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். தேவானை எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மணல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. அவர் பக்கத்து நாற்காலிக்குக் கீழே மட்டும் கறுத்திருந்தது.

ஒயர் கூடை அவர் மடியில் இருந்தது.