ஸ்டெல்லா அக்காவின் நசுங்கிய பிளாஸ்கு

ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுப்பதற்குள் கேட் செக்யூரிட்டி ஓடிவந்து சொல்லிவிட்டார். "ஸ்டெல்லா அக்காவ லாரி அடிச்சிருச்சும்மா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." கம்பெனிக்கு எதிரே சர்வீஸ் ரோட்டில் அவருடைய சாறு வண்டி நொறுங்கிக் கிடந்தது. வாழைத்தண்டுச் சாறும் ரத்தமும் தாரில் கலந்து ஓடியிருந்தன. அந்த டிரைவர் கையில் கிடைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். புதியவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா நம் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவர். பாத்ரூம் போக லைனுக்கு ஒரே சிவப்புக் கார்டு. ஒருத்தி திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். அதற்குப் பயந்து நாங்கள் தண்ணீரே குடிக்க மாட்டோம். நீர்க்கடுப்பில் பாதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். அக்கா பார்லி வேகவைத்த தண்ணீரைப் பெரிய ஸ்டீல் பிளாஸ்கில் கொண்டுவந்து மிரட்டிக் குடிக்க வைப்பார். "குடிக்காம அடக்குனா கல்லுதான்டி வளரும். பார்லி, தண்டுச் சாறெல்லாம் லேசான கடுப்புக்குத்தான். குளிர் காய்ச்சல் வந்தா என்கிட்ட வராத, டாக்டர்கிட்ட ஓடு" என்பார்.

எனக்கு அந்தக் காய்ச்சல் லைனிலேயே வந்தது. விலாவில் கத்தி இறங்குவது போல வலி. "கார்டு வரட்டும்" என்றார் சூப்பர்வைசர். வாந்தியெடுத்து, நின்ற இடத்திலேயே நனைந்து விழுந்தேன். "மொதல்ல எடத்தத் தொடைங்க" என்றார் அவர். அக்கா பிளாஸ்கைத் தூக்கி அவர் மண்டையில் அடித்தார். இரண்டாவது அடியில் பிளாஸ்கு நசுங்கியது. கன்வேயர் பெல்ட்டில் ரத்தம் சொட்டியது. கிருமி கிட்னிவரை போய்விட்டது, தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அக்காவுக்கு வேலை போயிற்று. அடித்தது தவறு என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

பிறகுதான் கேட்டுக்கு எதிரே வண்டி போட்டார். அதே சூப்பர்வைசர் ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "கல்லும்மா. தண்டுச் சாறு குடு." அக்கா அவர் காலரைப் பிடித்து நிமிர்த்தினார். "கார்டு இருக்குதா சார்?" அவர் அழுதுவிட்டார். அவர் உடம்பு கொதித்தது அக்காவின் கையில் சுட்டது. "இதுக்குச் சாறு கேக்காது" என்று திட்டிக்கொண்டே ஆட்டோவில் தள்ளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அக்காதான்.

நான் குணமாகி வந்தபோதே அந்த நசுங்கிய பிளாஸ்கை அக்கா எனக்குக் கொடுத்திருந்தார். "பார்லிக்கு இனி ஒதவாது. வேற எதுக்காச்சும் ஒதவும், வச்சுக்கோ."

அக்காவின் சொந்த ஊரான பாரூரில் அடக்கம் முடிந்த மறுநாள், இப்போது லைன் லீடராக இருக்கும் நான், சிவப்புக் கார்டை உடைத்துக் குப்பையில் போட்டேன். மேனேஜர் கூப்பிட்டு ஏன் என்றார். பிளாஸ்கை அவர் மேசைமேல் வைத்தேன். அந்த நசுங்கலைப் பார்த்தார். புதுக் கார்டு இன்னும் வரவில்லை.

பிளாஸ்கு உதவியது, அக்கா.