அக்கா வீட்டு ரொட்டியில் காரம்

சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து பேருந்து நிலையத்துக்கு அக்காவும் நானும் நடந்துகொண்டிருந்தோம். ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்காவின் வயிற்றில் இருந்த கட்டி ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, இனி அறுவை சிகிச்சை செய்து பயனில்லை என்று டாக்டர் சற்று முன்புதான் சொல்லியிருந்தார். பாலத்து ஏற்றத்தில் அக்கா நின்று மூச்சு வாங்கினார்.

"டேய், அபிக்குப் பரீட்சை முடியற வரைக்கும் இது உன்னோட இருக்கட்டும். கேட்டா அல்சர்னு சொல்லு."

"அது இன்னா சின்னப் புள்ளையாக்கா?"

"கடைசி வருசம்டா. நடுவுல எழுந்து வந்துச்சுன்னா திரும்பப் போவாது. நீ போனியா?"

நான் போகவில்லை. பெண்ணாடம் பக்கத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அப்பா படுக்கையில் விழுந்தபோது எட்டாம் வகுப்பிலிருந்து எழுந்து வந்தவன், பிறகு வேலை கிடைத்த ஊரெல்லாம் என் ஊர் என்று திரிந்தேன். அக்காவின் படிப்பும் அதோடு நின்றது. கடலூர் முதுநகரில் வாழ்க்கைப்பட்டார். லாரி ஓட்டிய மாமா நெஞ்சுவலியில் இறந்தபோது மகள் அபிநயா கைக்குழந்தை. அக்கா சத்துணவுக் கூடத்தில் சமைத்து அவளைக் கல்லூரி வரை கொண்டுவந்தார். யாரிடமும் எதுவும் கேட்காதவர். வீட்டுக்கு வந்த யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பாதவர்.

ஒரு வாரத்தில் சொந்தபந்தத்துக்குத் தெரிந்துவிட்டது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கையில் ரொட்டிப் பாக்கெட்டோடு வருவது நம் வழக்கம். சமையலறை அலமாரி முழுக்க ரொட்டி. உள்ளறையில் அபி படித்துக்கொண்டிருப்பாள். கூடத்தில் ஒருவர் அழுதால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும்.

மாமாவின் அக்கா புவனகிரியிலிருந்து வந்த அன்று, அபிக்காகச் செய்த சீஸ் ரொட்டியில் ஒரு துண்டை அக்கா அவர் கையில் கொடுத்தார். அதை வாயில் வைத்ததுமே அவருக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டு அபி எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அத்தை அழறீங்க?"

"மொளகா ஜாஸ்தியாப் போச்சுடி" என்றார் அக்கா. "ஒங்கத்தைக்குத் தாங்கல. தண்ணி கொண்டா."

அன்று முதல் யார் வந்தாலும் அதுதான். தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி ரொட்டியை ஒரு பக்கம் சிவக்க விடுவார். சிவந்த பக்கத்தை மேலாகத் திருப்பி, துருவிய சீஸ், பொடியாக நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய், கொத்தமல்லி, கைநிறையப் பச்சை மிளகாய் வைத்து, மிளகுத்தூள் தூவி மூடி போட்டு, தீயைக் குறைப்பார். சீஸ் உருகியதும் குறுக்கே வெட்டித் தட்டில் வைப்பார். நிற்க முடியாமல் போனபின் முக்காலியில் உட்கார்ந்து செய்தார். நறுக்கித் தருவது என் வேலை. அவருக்குக் கஞ்சித் தண்ணீரே இறங்கவில்லை.

"அழுவணும்னா மொதல்ல இதத் தின்னுங்க அண்ணி, அப்புறம் அழுவுங்க."

"ஒன்னப் பாக்க வந்து நான் சாவணுமா? மொளகாயக் கொறடி!"

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அந்த ரொட்டியைச் சாப்பிட்டவர்கள்.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று அபியே அடுப்பைப் பற்றவைத்தாள். அக்கா பாயிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் கடித்தாள். கண்ணிலிருந்து நீர் இறங்கி அது பாட்டுக்கு வழிந்தது.

"இன்னாடி?"

"காரம்மா."

அன்று வீட்டில் பச்சை மிளகாயே இல்லை. நான் வாங்கி வரவில்லை என்பது அக்காவுக்கும் தெரியும்.

அக்கா கையை நீட்டி அவள் கன்னத்தைத் துடைத்தார். "எல்லாத்தையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்மா. ஒண்ணும் விடல."

"எப்பத் தெரியும்?"

"அத்தை வந்த அன்னிக்கே."

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் நடிக்கவில்லை. அழ வேண்டியவர்கள் அழுதார்கள். வலி கடுமையாக இருந்தது. மாத்திரைக்கும் அடங்கவில்லை. அக்கா கேட்டுக்கொண்டபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு பிற்பகல், மகள் தலைசீவிவிட்டுக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது.

மனத்தில் இருந்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, மிளகாயைச் சபித்தபடி அழுத உறவினர்களுக்கும் தெருவினருக்கும் எங்கள் நன்றி. இரவு பகல் பாராமல் கூட இருந்து அக்காவைத் தூக்கிப் புரட்டி, துணி மாற்றிய புவனகிரி அத்தைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாட்களில் அபிக்குச் சோறு போட்ட எதிர்வீட்டு அக்காவுக்கும், அவள் பாடப் புத்தகங்களைத் தேடித் தந்த கல்லூரித் தோழிகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பிய மாலையில், வாசல் கூட்டிக்கொண்டிருந்த அபி தலை நிமிராமல் கேட்டாள்.

"நீ எந்த ஊருக்கு மாமா?"

"நீ மேல படிக்கறியா?"

"படிக்கணும்."

மறுநாள் காலை முதுநகர்த் துறைமுகத்துக்குப் போய், மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைக்கும் வேலையில் சேர்ந்தேன். மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம் என்றார்கள்.