கணவாய்க்கு அப்பால் ஒரு குதிரை

திரும்பி வந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பை நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்பாள் புருல்கான் அக்கா. நல்ல கிண்ணம் கணீரென்று பதில் சொல்லும். விரிசல் விட்டது அடித்தொண்டையில் முனகும். கேட்டு முடித்ததைப் பழைய துண்டில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். வாடகைக்கு எடுத்துப் போனவர்கள் அதுவரை வாசலிலேயே நிற்க வேண்டும். "கோவிச்சுக்காதீங்க. மனுஷங்க சொல்றத நம்புறதவிட கிண்ணம் சொல்றத நம்புறது எனக்குச் சுலபம்" என்பாள்.

எங்கள் மலையூரான கோச்கோரில் கல்யாணமோ சாவோ எது நடந்தாலும் விருந்து உண்டு. விருந்தென்றால் தேநீர்க் கிண்ணங்களும், வெந்நீர் கொதிக்கும் சமோவாரும் வேண்டும். அது அக்காவின் பக்க வருமானம். பிழைப்பு, எங்கள் மாவட்ட மருத்துவமனையின் சலவைக்கூடம். நான் அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். வீடும் அவள் வீட்டுக்கு அடுத்த வீடுதான். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அவள் பேசிக் கேட்டவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வயதான பிறகு என்ன ஆகும்?

ஒருநாள் முழங்காலைப் படம் எடுக்கச் சொல்லி வந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். "இந்த முட்டி இன்னும் எத்தனை வருஷம் ஓடும்னு பாத்துச் சொல்லு தம்பி. ஈரப் போர்வையைத் தூக்குற வேலை. பென்ஷன் வர்றவரைக்கும் ஓடுமான்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி யோசிக்கலாம்." எலும்பில் அதெல்லாம் எழுதியிருக்காது அக்கா என்றேன். அவள் நம்பவில்லை. படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பயத்துக்கு அவள் கண்ணால் கண்ட சாட்சிகள் உண்டு. அவள் அம்மா மேலங்கி வாங்குவதற்காகச் சேமிப்பு வங்கியில் போட்டுவைத்த பணம், பழைய நாடு கலைந்தபோது மதிப்பிழந்து சில ரொட்டிகளுக்குத்தான் ஆயிற்று. பிறகு மருத்துவமனையில் ஒரு கிழவி. குணமான பிறகும் வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். வீட்டை விற்று மகனுக்குக் கொடுத்திருந்தாள். போனால் மருமகளின் அடுப்படியில்தான் படுக்க வேண்டும். "இங்கயே துணி மடிச்சுக் குடுக்கறேன், கட்டில மட்டும் விட்டுவைங்க" என்று சலவைக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். மகன் வந்து அழைத்துப் போகும்வரை அக்காவின் பக்கத்தில் அமர்ந்து தலையணை உறைகளை மடித்தாள். "ரொம்ப நேர்த்தியா மடிச்சா" என்று மட்டும் அக்கா அதைப் பற்றிச் சொல்வாள். சொல்லும்போது கைகளை அக்குளுக்குள் செருகிக்கொள்வாள்.

பயந்தவள் சேர்க்கத்தான் செய்தாள். காகிதப் பணத்தில் நம்பிக்கை இல்லாததால் ஆடுகள் வாங்கிக் கணவர் வீட்டார் மந்தையில் விட்டாள். கொழுந்தன் மகனுக்குச் சுன்னத்து விருந்து வந்தது, ஆடுகள் போயின. பசு வாங்கினாள். கணவர் வீட்டில் இன்னொரு பையனுக்குப் பெண் எடுத்தபோது பரிசத்தோடு பசு போனது. யாரும் திருடவில்லை. சொந்தத்தில் ஒருவருக்குத் தேவை என்றால் இருக்கிறவர்கள் கொடுப்பது எங்கள் வழக்கம். இருப்பது தெரிந்த பிறகு இல்லை என்று சொல்ல எந்த மருமகளுக்கும் வாய் வராது.

அதே சொந்தம்தான் அவளைக் காப்பாற்றவும் செய்தது. கணவர் அசனாலிக்குக் குடல் அறுவை சிகிச்சை என்று தலைநகர் பிஷ்கெக்கில் படுக்க வைத்தபோது, அவருடைய அண்ணன் பெய்ஷென் கேட்காமலே தன் காளையை விற்றுப் பணத்தை அனுப்பினார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே பெரிய சொத்து. அசனாலி பிழைத்தார். அண்ணன் பிறகு காளை வாங்கவே இல்லை.

சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு அக்டோபரில், பெய்ஷென் இறந்தார். அதற்கு முந்தைய கோடையில் அவருடைய மார்புப் படத்தை எடுத்தவன் நான். இதயம் வீங்கியிருந்தது. தலைநகருக்குப் போங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அறுவடை முடியட்டும், உருளைக்கிழங்கு விற்றதும் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் அடித்து உள்ளே உடலை வைத்திருந்தார்கள். பெண்கள் உள்ளே சுவரைப் பார்த்து அமர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஆண்கள் வெளியே கழிகளில் சாய்ந்து நின்று வருகிறவர்களைப் பார்த்து அழுதார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட ஒரு குதிரை அறுக்க வேண்டும். எங்கே வாங்குவது, யார் கடன் கொடுப்பார்கள் என்று குடும்பத்துக்கு மூத்தவரான துர்துபெக்கும் இறந்தவரின் கடைசித் தம்பி மீர்லானும் வேலியோரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கேதான் விறகு பிளந்துகொண்டிருந்தேன்.

நண்பகல் தொழுகைக்குச் சற்று முன்னால் ஒருவன் வாயிலில் குதிரையை நிறுத்தினான். கணவாய்க்கு அந்தப்புறம் ஜும்கால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மேய்ப்பன், ஓமுர்சாக் என்று பெயர். எங்களில் யாருக்கும் அவனைத் தெரியாது. அவனுக்குப் பின்னால் கயிற்றில் ஒரு பெட்டைக்குதிரை வந்தது. செம்பழுப்பு நிறம், கோடைப் புல் தின்றதில் முதுகு மேடுதட்டிப் பளபளத்தது. அவன் முறைப்படி அழுது, இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"புருல்கான் அக்கா வீட்டுத் துக்கம்னு கேள்விப்பட்டேன். அவங்க சொல்லி அனுப்பட்டும்னு காத்திருக்கறது முறை இல்ல. அதான் அவங்க குதிரைய நானே கொண்டாந்துட்டேன்."

பாவம், நல்லவன். ஒரு மேய்ப்பன் எவ்வளவு பண்போடு நடக்க முடியுமோ அவ்வளவு பண்போடு நடந்துகொண்டான்.

ஆண்கள் முகத்தில் தெளிவு வந்தது. ஒருவர் குதிரையின் விலாவைத் தட்டிப் பார்த்தார். மீர்லான் கத்தியைத் தீட்டச் சொல்லி யாருக்கோ சைகை காட்டினான். கூடாரத்துக்குள்ளிருந்து அக்காவை அழைத்தார்கள். கறுப்புத் துணி போர்த்தி வெளியே வந்தவள் முதலில் ஓமுர்சாக்கைப் பார்த்தாள். பிறகு குதிரையை. நான் மருத்துவமனையில் எத்தனையோ பேரிடம் கெட்ட செய்தி சொல்லப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த முகம்தான்.

துர்துபெக் கேட்டார்: "மருமகளே, இது உன்னோடதா?"

"ஆமா மாமா."

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமா."

அசனாலி கழியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். அவருக்கும் இப்போதுதான் தெரியும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. துர்துபெக் தரையைப் பார்த்தார். மென்மையான மனிதர். "சினையா இருக்கா?" என்று கேட்டார்.

அது அவர் திறந்துவிட்ட கதவு. சினைக் குதிரையை யாரும் அறுக்க மாட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே பேச்சை முடித்திருப்பார். ஓமுர்சாக்கும் வாயைத் திறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல மாமா. இந்த வருஷம் தங்கல" என்றாள் அக்கா. "ஆனா தர மாட்டேன்."

மீர்லான் முன்னால் வந்தான். "உங்க வீட்டுக்காரர் வயித்தக் கீறினப்போ அண்ணன் காளைய வித்தாரு. ஞாபகம் இருக்கா அண்ணி?"

"இருக்கு. நித்தம் இருக்கு. அவர் வித்ததால இவர் பிழைச்சாரு. அவருக்கு முடியாமப் போனப்போ விக்க ஒண்ணும் இல்ல. அடுத்தது நாங்க. எனக்குப் பயமா இருக்கு மாமா. அவ்வளவுதான்."

கூடாரத்துக்குள் ஒப்பாரி நின்றிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இறந்தவரின் மனைவி ஜிபார் உட்பட. துர்துபெக் மேய்ப்பனிடம் திரும்பி, குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, அவனும் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே அழைத்துப் போகச் சொன்னார். அவன் சாப்பிடாமலே கிளம்பிவிட்டான்.

பக்கத்துத் தெருவில் கடனுக்கு ஒரு குதிரை வாங்கினார்கள். அக்கா தன் பங்காக அந்த ஆண்டின் கிண்ண வாடகை முழுவதையும் கொண்டுவந்து வைத்தாள். வாங்கிக்கொண்டார்கள். விருந்தில் அவளுடைய கிண்ணங்களில்தான் எல்லோரும் தேநீர் குடித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு கணவர் வீட்டு உறவில் ஒருவர்கூட அவளிடம் கிண்ணம் எடுக்க வரவில்லை. பெண்கள் கிணற்றடியிலும் கடையிலும் 'குதிரைக்காரி வர்றா' என்று சொல்லிவிட்டு அவள் அருகில் வந்ததும் பேச்சை மாற்றினார்கள்.

சினை என்று ஏன் சொல்லவில்லை என்று நான் பிறகு கேட்டேன். "உள்ள அவர் கிடக்கறாரு. அவர் காதுபடப் பொய் சொல்லப் பயமா இருந்துச்சு. குடுக்கவும் பயமா இருந்துச்சு. எது பெரிய பயம்னு பாத்தேன் தம்பி" என்றாள்.

அசனாலி அவளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "என்கிட்டகூடச் சொல்லலியே?" உங்களிடம் சொன்னால் உங்கள் அண்ணனுக்குத் தெரிந்துவிடும் என்றிருக்கிறாள். அது உண்மை என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் கோபம் கூடிப்போயிருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க அவளோடு பேசவில்லை. "உப்பு எங்கன்னு பூனைகிட்ட கேக்கறாரு. நானும் பூனைகிட்டயே பதில் சொல்றேன்" என்று அக்கா சொல்லிச் சிரிக்க முயன்றாள்.

ரகசியம் வெளியே வந்ததால் பயம் குறைந்திருக்கும் என்று நான் நினைத்தேன். இரட்டிப்பாகிவிட்டது. முன்பு பனியும் ஓநாயும் குதிரைக்கு என்ன செய்யுமோ என்று மட்டும் பயந்தாள். இப்போது உறவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முகம் வெளுத்துவிடும். சலவைக்கூடத்தில் தொலைபேசி அடித்தால் கையில் இருக்கும் துணியைப் போட்டுவிடுவாள். "இனிமே ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு வேண்டிக்கிறேன். பாசத்துலயா, குதிரைக்காகவான்னு எனக்கே தெரியல" என்று ஒருமுறை சொன்னாள்.

பனி கனத்திருந்த ஒரு மாலை ஜிபார், அக்காவின் வீட்டுக்கு வந்தாள். கணவர் இறந்து நாற்பதாம் நாள் விருந்துக்கு அவள் வீட்டுக் கன்றும் போயிருந்தது. ஓராண்டு விருந்து இனிமேல்தான். அவள் வாசலில் பனியை உதறுவதைப் பார்த்ததுமே காளையின் பேச்சை எடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். தேநீர் ஊற்றும் முன்பே, கேட்காமலே, குதிரையை விற்றுவிட்டேன் என்று பொய் சொன்னாளாம்.

ஜிபார் தலையாட்டினாள். பிறகு தலைத்துணியைத் தளர்த்தி, காதில் கிடந்த வெள்ளித் தொங்கட்டான்களைக் கழற்றி விரிப்பின் மேல் வைத்தாள். கல்யாணத்தில் போட்டது.

"இத வித்தா ரெண்டு ஆட்டுக்குட்டி வரும்ல? அந்த ஜும்கால்காரன் வச்சிப் பாத்துப்பானான்னு கேட்டுச் சொல்லு. என் பசங்களுக்குத் தெரிய வேண்டாம். நல்ல பசங்கதான். ஆனா தெரிய வேண்டாம்."

அக்கா அந்தத் தொங்கட்டான்களைத் தொடவில்லையாம். யாரோ தன்னைச் சோதிக்க அனுப்பிய தந்திரம் என்றே தோன்றியதாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். அடுத்த நாள் சலவைக்கூடத்தில் இதை என்னிடம் சொல்லும்போது, பாதியில் நிறுத்திவிட்டு முகத்தை ஈரத் துணியால் மூடிக்கொண்டாள். அன்றே வேலை முடிந்து ஜிபார் வீட்டுக்குப் போனாள். குதிரையை விற்கவில்லை என்பதையும், ஓமுர்சாக்கை எப்படிப் பிடிப்பது என்பதையும் சொல்லிவிட்டு, உட்காராமல் திரும்பி வந்தாள். ஜிபாரின் குட்டிகள் இப்போது ஜும்காலில் மேய்கின்றன. அவள் பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது, அதனால் பெயர்களை மட்டும் நான் இங்கே மாற்றியிருக்கிறேன்.

பனி விலகிக் கணவாய் திறந்த வாரம் அசனாலி பூனையை விட்டுவிட்டு என் வேலியோரம் வந்தார். கையில் புதிதாக முறுக்கிய தலைக்கயிறு ஒன்று இருந்தது. குளிர்கால மாலைகளில் தானே குதிரைமயிரில் பின்னியிருக்கிறார். உன் காரில் எங்களை அங்கே அழைத்துப் போக முடியுமா என்று கேட்டார். எங்களை என்றார்.

ஓமுர்சாக்கின் பட்டிக்குப் பின்னால் உருகிய பனி ஓடையாய் ஓடிக்கொண்டிருந்தது. குளிர் தின்றதில் குதிரை இளைத்திருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. உயிரோடு இருந்தது. அசனாலி அதன் பல்லைப் பார்த்தார், கால்களைத் தடவினார், தலைக்கயிற்றை மாட்டி முடிச்சிட்டார்.

"நல்லாத்தான் பாத்து வாங்கியிருக்க" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தண்ணீர் காட்டிவிட்டு வரலாம் என்று சொல்லிக் குதிரையை ஓடைப் பக்கம் திருப்பினார். அக்கா சேற்றில் வேகமாக நடந்து அவரை எட்டினாள். கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கித் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அதன் பிறகுதான், போகலாம் என்று அவருக்குத் தலையசைத்தாள்.