திரைக்குக் கீழே தெரிந்த பாதம்

2026 பிப்ரவரி 11, புதன்கிழமை, காலை ஆறு நாற்பது. லேசான மூடுபனி, கடலிலிருந்து ஈரக்காற்று. கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது, விளையாடிக்கொண்டிருந்தவர்களின் பந்து ஒன்று என்னை நோக்கி உருண்டு வந்தது. பேசாமல் ஒதுங்கியிருக்கலாம். ஒருகாலத்துக் கோல்கீப்பர் அல்லவா, குனிந்து அள்ளினேன். பந்து கைக்கு வந்தது. இடுப்பு நிமிர வரவில்லை. ஆட்டோவிலிருந்து வளைந்தபடியே இறங்கியவனைப் பார்த்து என் மனைவி ரெஜினா கேட்டது ஒன்றுதான்.

"பந்துக்குப் பாஞ்சியளோ?"

பிசியோதெரபி நிலையத்தில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். முகம் வைக்க ஓட்டை போட்ட கட்டில். குளிர்ந்த பசை எதையோ தடவினார்கள். எனக்கோ விளக்கெண்ணெயில் பூண்டு காயும் வாசனை வந்துவிட்டது. அது ஐம்பது வருடத்துக்கு முந்தைய வாசனை.

அப்போது நான் ஒரு கப்பல் ஏஜென்ட்டிடம் தற்காலிக டாலி கிளார்க். கப்பல்கள் கரைக்கு வராமல் கடலில் தள்ளி நிற்கும். தோணியில் போய், நூலேணியில் ஏறி, இறங்குகிற மூட்டைகளை எண்ண வேண்டும். அந்த எண்ணுகிற வியாதி இன்னும் போகவில்லை. ரெஜினா ஜெபமாலை சொல்லும்போது ஒரு மணி விட்டுப்போனால் நான்தான் எடுத்துக்கொடுக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்பளத்தை ஒட்டிய கட்டாந்தரையில் கிளார்க்குகளுக்கும் மூட்டை தூக்குபவர்களுக்கும் கால்பந்து. கடைசி நிமிஷத்தில் இடது மூலைக்கு வந்த பந்துக்குப் பாய்ந்தேன். என்னை ஒரு பழைய கதவில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். இடுப்புப் பிடிப்பு, மூன்று வாரம் அசையக்கூடாது என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை கப்பல் வருகிறது. நான் ஏணி ஏறாவிட்டால் வேறொருவன் ஏறுவான், அவனே நிரந்தரமாகிவிடுவான்.

நான் குடியிருந்த அறைக்குச் சொந்தக்காரி லூர்தம்மாள் கதவோரம் நின்று யோசித்தாள். "மூணு வாரம் படுத்தா வேல இருக்குமா தம்பி? எம்மவ காலு முன்னால வந்து பொறந்தவ. அவ மூணு நாளு மிதிச்சா போதும்."

தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. படித்தவன் நான் நம்பவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமையை நம்பினேன். கல்யாணமாகாத பெண் வாடகைக்காரன் முதுகில் கால் வைப்பதாவது? அதற்கும் லூர்தம்மாள் வழி வைத்திருந்தாள். நடுக்கதவில் போர்வையைத் திரையாகக் கட்டி, என்னை நிலைப்படியோரம் குறுக்கே குப்புறக் கிடத்தி, எண்ணெயைத் தானே தடவிவிட்டாள். திரைக்குள்ளிருந்து ஒரு பாதம் வந்து முதுகில் பதிந்தது. அதை நான் பார்க்கவில்லை. திரைக்குக் கீழே தரையில் ஊன்றிய மற்றப் பாதம்தான் என் கண்ணுக்கு நேரே இருந்தது. முதல் நாள் அது நடுங்கியது. மூன்றாம் நாள் நடுங்கவில்லை.

எண்ணெயோ, மிதியோ, வேலை போய்விடும் என்ற பயமோ, வெள்ளிக்கிழமை ஏணி ஏறிவிட்டேன். திரும்பி வந்ததும் ஒரு காரியம் செய்தேன். மிதித்ததற்கு என்ன கூலி நியாயம் என்று கணக்குப் போட்டு, நாலு ரூபாயைத் தாளில் மடித்துக் கொடுத்தேன். லூர்தம்மாள் முகம் சுருங்கிவிட்டது.

"காசு குடுத்தா வலி திரும்பும் தம்பி. இனிப்பு வாங்கிட்டு வாங்க. மிதிச்சவ கையில நீங்கதான் குடுக்கணும்."

கால் கிலோ மக்ரூன் வாங்கி வந்தேன். கையில் கொடுக்க வேண்டுமென்றால் திரையை விலக்கத்தானே வேண்டும். உள்ளே நின்றவள் பொட்டலத்தை வாங்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பந்து உள்ள போச்சா, போவலியா?"

"போகலை."

பிறகுதான் கை நீட்டினாள்.

இப்போது பிசியோவில் ஏழு நாள் மின்சாரம் வைத்தும் பிடிப்பு விடவில்லை. நேற்று மாலை கூடத்துத் தரையில் நானாகவே குப்புறப் படுத்துக்கொண்டேன். ரெஜினாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஒற்றைக் காலில் நிற்க முடியாது.

"மிதிக்குத காலு இருக்கு. ஊணுத காலுதான் போச்சு" என்றவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடுப்பில் குதிகாலை வைத்தாள்.

உப்பளத்து மைதானத்தில் இன்று கன்டெய்னர்களை அடுக்கியிருக்கிறார்கள். மூட்டைகளை யாரும் நின்று எண்ணுவதில்லை. முகத்தைத் திருப்பி, பழக்கதோஷத்தில் ஊன்றிய பாதத்தைத் தேடினேன். நாற்காலிக் கால்கள் நான்கு தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் வீங்கிய பாதம் ஒன்று, பாரமில்லாமல் சும்மா இருந்தது.

இன்று காலை சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். அன்றைய ஆட்டோ எண்பது, பிசியோவுக்கு மூவாயிரத்து ஐந்நூறு, மக்ரூன் கால் கிலோ இருநூறு. சர்க்கரைக்காரி என்பதால் அதில் அவளுக்கு ஒன்றே ஒன்று, என் கையால். ஆக மூவாயிரத்து எழுநூற்று எண்பது ரூபாய்.